சுற்றாத காற்றாடிக்கு ஒரு சுற்றறிக்கை

இயந்திரங்களைக் கண்டுபிடித்தவர்கள் உலகில் ஆயிரம் பேர் இருக்கலாம். அவற்றை ஓட்டியவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஓடாமல் காப்பாற்றிய பெருமை மனித குலத்திலேயே ஒரே ஓர் அலுவலகத்துக்குத்தான் உண்டு. அது எங்கள் ‘தொன்மைப் பொறிகள் பாதுகாப்பு அலுவலகம்’. அதில் நான் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்காணித்து வருகிறேன். என் கண்ணெதிரே எதுவும் அசைந்ததில்லை.

எங்கள் பொறுப்பிலிருந்தவற்றுள் தலையாயது, மலைக் கணவாயில் வயர்லெஸ் நிலையத்தின் கூரைமேல் நின்ற காற்றாடி. எழுபது வருடத்துப் பழசு. இரண்டு மர இறக்கைகள், பின்னால் ஒரு தகர வால், நடுவே பானை அளவுக்கு ஒரு டைனமோ. காற்றடித்தால் அது சுற்றும். சுற்றினால் கீழே அறையிலுள்ள பேட்டரிகளில் மின்சாரம் ஏறும். பேட்டரி இருந்தால் வயர்லெஸ் பேசும். மலையில் கைபேசி எடுக்காது. பெருங்காற்று வீசினால் மின்கம்பியும் அறுந்துவிடும். அதாவது, கம்பி மின்சாரம் போகிற நேரம் பார்த்துக் காற்றாடி மின்சாரம் வரும். முன்பின் யோசித்துச் செய்த ஏற்பாடு. அந்தக் காலத்தில் குழுக்கள் கிடையாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அந்தக் காற்றாடி நின்று பதினொரு வருடம் ஆகியிருந்தது. வயர்லெஸ் நிலையத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை மலையில் எல்லோரும் வயர்லெஸ் அக்கா என்பார்கள். அவர் ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார்.

“சார், மழைக்காலம் வருது. கரண்ட் போச்சுன்னா எனக்குக் காதும் இல்ல, வாயும் இல்ல. பாதையில என்ன நடந்தாலும் கீழ சொல்ல முடியாது. அந்தக் காத்தாடியைக் கொஞ்சம் ரிப்பேர் பண்ணிக் குடுங்க.”

எங்கள் அலுவலகக் குழுவின் தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “ரிப்பேர்னு சொல்லாதீங்கம்மா. ‘மீட்டெடுப்பு’ன்னு சொல்லுங்க.”

“எதையோ ஒண்ணு எடுங்க சார். சுத்தினா போதும்.”

மறுநாளே அந்தச் சுற்றாத காற்றாடிக்காக ஒரு சுற்றறிக்கை வெளியிட்டோம். சாரம் இதுதான்: உடைந்துபோன ஓர் இறக்கையும், காணாமல்போன இரண்டு கார்பன் பிரஷ்களும் தேவை. அவை காற்றாடியைச் செய்த அதே கம்பெனி செய்த ‘மூலப் பாகங்களாக’ மட்டுமே இருக்க வேண்டும். கார்பன் பிரஷ் என்பது டைனமோவின் சுழலும் செம்பை உரசிக்கொண்டு மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் கரித்துண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் காற்றாடி வெறும் விசிறி.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். ‘இக்கம்பெனி மூடி நாற்பது வருடம் ஆகிறது’ என்ற குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது. அப்படியானால் புதிய முகவரியைத் தெரிவிக்குமாறு பழைய முகவரிக்கே எழுதினோம். அதுவும் திரும்பி வந்தது. இரண்டையும் கோப்பில் தைத்து, மேலே ‘பேச்சுவார்த்தை நடைபெறுகிறது’ என்று எழுதினேன்.

பிறகு எங்கள் வடக்குக் கிளையிலும் இதே வகைக் காற்றாடி ஒன்று இருப்பது தெரிந்தது. பிரஷ் கேட்டோம். எட்டே மாதத்தில் பட்டுத் துணி விரித்த பெட்டியொன்று வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு மூலப் பிரஷ்கள். தேய்ந்து நகக்கண் அளவுக்கு ஆகியிருந்தன. கூடவே ஒரு சீட்டு: ‘பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் மாதிரிக்காக அனுப்பியவை, பயன்படுத்தியபின் நன்றியுடன் திருப்பி அனுப்பப்படுகின்றன.’

பழைய கோப்பைப் புரட்டினேன். உண்மைதான். ஓடிக்கொண்டிருந்த காற்றாடியிலிருந்து நாங்களே பிடுங்கி அனுப்பியிருக்கிறோம். அனுப்பிய தேதியும் காற்றாடி மின்சாரம் நின்ற தேதியும் ஒன்று. ‘தற்செயல்’ என்று ஓரத்தில் குறித்துவைத்தேன்.

இதற்கிடையில் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. அன்று எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியேறிய வயர்லெஸ் அக்கா, பேருந்துக்கு நிற்கும்போது எதிரே ஒரு லேத் பட்டறையைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டார். பட்டறை என் மைத்துனனுடையது. என் மனைவியின் தம்பி. கையில் கொடுத்த எதையும் ஓட வைத்துவிடுகிற கெட்ட பழக்கம் உள்ளவன்.

ஒரு மாலை அவன் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்தான்.

“அக்கா, உன் தராசு ரெண்டு நாளைக்கு வேணும்.”

“எதுக்குடா?”

“இறக்கை எடை பாக்கணும்.”

“கோழியா?”

“காத்தாடி. ரெண்டு இறக்கையும் ஒரே எடையா இருக்கணும். இல்லேன்னா சுத்துறப்ப குலுங்கிக் கழண்டு வந்துரும்.”

“சரி, திருப்பிக் குடுக்கறப்ப கழுவிக் குடு” என்றாள் என் மனைவி. அந்தக் குடும்பத்தில் தொன்மைக்கு இவ்வளவுதான் மரியாதை.

நான் அவனைத் தனியே அழைத்து எச்சரித்தேன். “மாப்ள, நீ செய்யறது ஒரிஜினல் ஆகாது.”

“ஓடும் மாமா.”

“ஓடுறது வேற, ஒரிஜினல் வேற.”

“அந்தக் காலத்துல அதை ஓடறதுக்குத்தான மாமா செஞ்சாங்க?”

இப்படிப்பட்டவனிடம் எதைப் பேசுவது? இடித்த வீட்டு நிலைக்கதவிலிருந்து நேரான ரேகையுள்ள மரம் எடுத்து, மிச்சமிருந்த இறக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினான். லாரி ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவந்தான். டைனமோவின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே அடைத்திருந்த கரியை உடைந்த ஹேக்ஸா பிளேடால் கீறி எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மலையேறி மாட்டியும்விட்டான்.

காற்றாடி பத்தொன்பது நாள் சட்டவிரோதமாகச் சுற்றியது.

இருபதாம் நாள் மலைக்குக் காற்று வாங்கப் போன தலைவர் அதைப் பார்த்துவிட்டார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து அவசரக் கூட்டம் கூட்டினார். “சுத்துதுய்யா! நம்ம காத்தாடி சுத்துது!”

அன்றே சம்பவ இடத்துக்கு விரைந்து, மைத்துனனின் ‘போலி’ பிரஷ்களைக் கழற்றி உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்தோம். பட்டுப் பெட்டியிலிருந்த மூலப் பிரஷ்களைப் பொருத்தினோம். அவை செம்பைத் தொடவில்லை. அரை அங்குலம் எட்டவில்லை. ஆனால் நம்பகத்தன்மை நூற்றுக்கு நூறு.

வயர்லெஸ் அக்கா அண்ணாந்து பார்த்தார். “சார், சுத்துது. ஆனா கரண்ட் வரலியே?”

“சுத்தினா போதும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?” என்றார் தலைவர். அன்று அவர் சொன்னதை நான் கோப்பில் எழுதிவைத்திருந்ததால் அக்காவால் மறுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் நிலையத்தின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்க முடிவாயிற்று. ‘போலி உதிரிபாகங்கள்: ஓர் எச்சரிக்கை’ என்பது தலைப்பு. திறப்பு விழாவுக்கு முத்திரையிட்ட உறையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் புறப்பட்டேன். பக்கத்தில் தலைவர். பின்னிருக்கையில், போலியை அடையாளம் காட்டுவதற்காகச் சம்மன் அனுப்பி வரவழைக்கப்பட்ட என் மைத்துனன். வண்டியை ஓட்டியவர் எங்கள் ஓட்டுநர். பதினாறு வருடமாக ஹாரனைக்கூட அதட்டி அடிக்காத மனிதர்.

மூன்று நாளாக ஊதிய காற்றில் மலையில் மின்கம்பி அறுந்து கிடந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. காலை பதினொரு மணிக்கு, நிலையத்துக்குக் கீழே கடைசி வளைவில், ஓட்டுநர் “கல்லு!” என்று கத்தினார். கத்தியபடியே ஸ்டீயரிங்கை ஒடித்தார். எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த பாறை அவர் பக்கம் மோதியது. கதவு உள்ளே நசுங்கி, அவர் வலது காலை முட்டியோடு கவ்விக்கொண்டது. மைத்துனன் எகிறிக் குதித்துக் கதவை இழுத்தான். கை கிழிந்ததே தவிரத் தகரம் அசையவில்லை.

அப்போது மேலிருந்து ஒருவர் சறுக்கிச் சறுக்கி ஓடி வந்தார். வயர்லெஸ் அக்கா.

“ஆறு மணியிலேருந்து கல்லு உருளுது! கீழ செக்போஸ்ட் கேட்டை மூடுங்கன்னு சொல்றதுக்கு அந்த வயர்லெஸ் பொட்டியைத் தட்டித் தட்டிப் பாத்தேன். பேட்டரி செத்துக் கெடக்கு. சரி, நடந்தே போய்ச் சொல்லிரலாம்னு எறங்குறேன், அதுக்குள்ள…” வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

மைத்துனன் என் முன்னால் வந்து நின்றான். “மாமா, அந்தக் கவரைக் குடுங்க.”

“சீல் வச்சிருக்கு மாப்ள.”

“தெரியுது. குடுங்க.”

தலைவர் கையை உயர்த்தினார். “குழு கூடித் தீர்மானம் போடாம சீலை உடைக்க முடியாது.”

“ஒரே வேன்ல கூடித்தான சார் உக்காந்திருக்கீங்க?”

“கோரத்துக்கு மூணு பேர் வேணும். நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம்.”

முன்னிருக்கையிலிருந்து ஓட்டுநரின் குரல் மெலிதாகக் கேட்டது. “என்னைச் சேத்துக்குங்க சார்…”

“நீ உறுப்பினர் இல்லியேப்பா” என்றார் தலைவர், மெய்யான வருத்தத்தோடு. கோரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. அன்று அந்த வளைவில் அதற்கு மட்டும் குறைவிருக்கவில்லை.

மைத்துனன் உறையைப் பற்றி இழுத்தான். நான் கொடுத்துவிடவே நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் என் விரல்கள் விடவில்லை. இருபத்திரண்டு வருடப் பயிற்சி பெற்ற விரல்கள். அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து உறையை எடுத்தான். அவன் கை ரத்தம் என் சட்டையில் பட்டது. முத்திரை உடைகிற சத்தமும் ஓட்டுநரின் முனகலும் ஒரே நேரத்தில் கேட்டன.

அவனும் அக்காவும் மேலே ஓடினார்கள். நாங்கள் கீழிருந்து பார்த்தோம். சுற்றிக்கொண்டிருந்த இறக்கைகள் நின்றன. ஒரு சின்ன உருவம் கூரைமேல் காற்றில் ஆடிக்கொண்டே குனிந்திருந்தது. ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சுத்துதா சார்? சுத்துதா?” என்று கேட்டபடி இருந்தார். இருபது நிமிடம் கழித்து இறக்கைகள் மறுபடி சுற்றின. “சுத்துதுப்பா” என்றேன். என் பணிக்காலத்தில் அந்தச் சொல்லை மகிழ்ச்சியோடு சொன்னது அன்று ஒருமுறைதான்.

வயர்லெஸ் பேசியது. கீழேயிருந்து மீட்புப் படை தகரம் வெட்டும் கருவியோடு வந்தது. ஓட்டுநர் பிழைத்தார்.

எங்கள் அலுவலகம் இந்த வீரச் செயலை உரிய முறையில் போற்றியது. நாற்பத்தாறு பக்க அறிக்கையை நானே எழுதினேன். ‘அலுவலகம் தக்க தருணத்துக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பாகங்களால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது’ என்பது அதன் முடிவுரை. காலை ஆறு மணிக் கல்லைப் பற்றி வயர்லெஸ் அக்கா சொன்னது அறிக்கையில் இடம்பெறவில்லை. அவர் அதை உரிய படிவத்தில் சொல்லவில்லை. உறையைக் கடைசி விரல்வரை விடாமல் காத்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. முத்திரையிட்ட உறையைக் கிழித்ததற்கு மைத்துனனிடம் விளக்கம் கேட்டோம். நோட்டீஸின் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்பினான்: ‘அடுத்த தடவை சீக்கிரமாகவே கிழிக்கிறேன்.’ என் மனைவி சான்றிதழைப் பார்த்தாள். அதை எங்கே மாட்டலாம் என்று கேட்டேன். அவள் அதைத் தராசில் வைத்து எடை பார்த்து, பழைய பேப்பர் கட்டோடு சேர்த்தாள்.

காற்றாடி மேற்கொண்டு தேயாதிருக்க அதற்குச் சங்கிலி போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை போய்ச் சங்கிலியைப் பரிசோதிக்கிறேன். திரும்பி முதல் வளைவைத் தாண்டியதும் மேலே இரும்பு விழுகிற ஓசை கேட்கும். ‘இடி’ என்று பதிவு செய்கிறேன்.

நான்கு மாதம் கழித்து ஓட்டுநர் கைத்தடியோடு அலுவலகத்துக்கு வந்தார். மறுபடி வேலையில் சேர வேண்டும் என்றார். ஆட்களுக்கென்று எங்களிடம் படிவம் இல்லாததால் பொறிகளுக்கான படிவத்திலேயே அவரைப் பற்றி நிரப்பினேன். பொருள்: ஓட்டுநர். பழுதான பாகம்: வலது முட்டி. மாற்றாக வைத்தது: எஃகுத் தகடு ஒன்று, திருகு ஆறு. மூலப் பாகமா: இல்லை. பரிந்துரை: இயக்க வேண்டாம், ஓரிடத்தில் உட்கார வைக்கலாம். கீழே கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினேன்.

அவர் நின்றபடியே நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

“சார், ‘பழுதான பாகம்’னு போட்டிருக்கே, இதுல என் முட்டியை எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்பா.”

“இது பதினொரு மணிக்குத்தான சார் கெட்டுச்சு? அதுக்கு ரொம்ப முன்னாடியே கெட்டுப்போயிருந்த பாகம் ஒண்ணு இருக்கே. அதை ஏன் சார் எழுதல?”

நான் அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்தான். எங்கள் எல்லோருடைய பெயரையும் எழுத அதில் இடம் போதாது.