போல்ட்டுக்கு நெறி கட்டியது

மூக்கண்டப்பள்ளி

அன்புள்ள மச்சான் ஸ்டீவுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் ஜெபதுரை எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் ஜெயசெல்வியும் சுகம். கல்லாவியில் நீயும் ஃபெபாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. தோட்டத்துக்குக் காவல் இல்லை, போல்ட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாய். நீ குட்டியாகத் தந்த நாய், கேட்பது நியாயம்தான். ஆனால் நான் செக்யூரிட்டி பார்க்கும் கம்பெனி கேட்டில் மூன்று ஷிப்டும் சோறு போட்டு வளர்த்த நாய் அது. போன மாதம் அதற்குத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டிவிட்டது, ஈறு சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது, நடந்தால் தள்ளாட்டம், அப்படியும் சங்கு ஊதினால் எழுந்து வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டது, கூட வேலை பார்க்கும் ராமப்பன் "இது புத்துநோய்க் கட்டி சார், பொழைக்காது" என்று சொல்லவும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா அருணாவிடம் ஓடினேன்.

அந்த அம்மாவை என்னவென்று சொல்ல! கட்டியை விரலால் உருட்டிப் பார்த்தார், ரத்தமும் மலமும் சோதித்தார். "புத்துநோய் இல்லீங்க. குடல்ல கொக்கிப்புழு, ரத்தத்த உறிஞ்சிட்டிருக்கு. புழுவோட சண்ட போடற வெள்ளணு ஏகத்துக்கு ஏறியிருக்கு. இந்த நெறிதான் உடம்புக்கு செக்யூரிட்டி. டூட்டி பாத்துப் பாத்து வீங்கிக் கெடக்கு" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீசில் செக்யூரிட்டியைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பூச்சி மாத்திரை குடுத்தீங்களா?" என்றார். பி ஷிப்ட் கொடுத்திருக்கும் என்றேன். போன் போட்டால் பி ஷிப்ட் சி ஷிப்டைக் காட்டியது, சி ஷிப்ட் என்னையே திருப்பிக் காட்டியது. மாத்திரை கேபின் டிராயரில் அட்டை பிரிக்காமல் கிடந்தது. வேலையை அடுத்த ஷிப்டுக்குத் தள்ளியே பழகியவர்கள் நாங்கள். இப்போது மாத்திரையும் டானிக்கும் நானே ஊட்டுகிறேன். ஈறு சிவந்துவிட்டது, கட்டியும் வற்றிவிட்டது. உடம்பில் ரத்தமே இல்லாமல் டூட்டிக்கு வந்திருக்கிறதே, என்ன ஜீவன் மச்சான் அது!

ஆகவே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து தாராளமாகக் கூட்டிப் போ. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஃபெபாவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஜெபதுரை

பின்குறிப்பு: ஞாயிறு வர வேண்டாம். போல்ட்டை அனுப்ப உன் அக்காளுக்கு மனசில்லை.

இன்னொன்று: அக்காளுக்குப் போன் போட்டுக் கேட்காதே. அவள் கொடுத்துவிடத்தான் சொல்கிறாள்.