பெண் பார்க்கப் போன படகு

படகு மணலில் ஏறிய சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. கிளைட்டனுக்கு மட்டும் நெஞ்சுக்குள் இடி விழுந்தது.

சரக்குக் கப்பலில் அவன் செகண்ட் ஆபீசர். முந்நூறு மீட்டர் கப்பலைக் கடல் கடலாகக் கொண்டுபோனவன், முயல்தீவுப் பக்கம் முழங்காலளவுத் தண்ணீரில், நாலு பேர் உட்காரும் பாய்ப்படகில் தரைதட்டி நின்றான். அதுவும் பெண் பார்க்க வந்த இடத்தில்.

பெண் வீட்டுப் படகு. சுக்கான் பிடித்திருந்தவள் பெண், ஜெனிலா. துணைக்கு வந்த அவள் அத்தை மரியசெல்வி குடைக்கடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள் என்று பெரியவர்கள் அனுப்பியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனவன் கிளைட்டன். பத்து நாளில் லீவு வேறு முடிகிறது.

"அங்கன போவமா?" என்று ஜெனிலா தீவுப் பக்கம் கைகாட்டிக் கேட்டபோது, ஆழமாகத்தான் இருக்கும் என்று தலையாட்டியவனும் அவனே.

"அஞ்சே நிமிசம்" என்று சொல்லி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குதித்தான். பின்னாலிருந்து தள்ளினான். படகு இன்னும் இரண்டு முழம் மணலுக்குள் ஏறியது.

காற்று இழுத்துவிடும் என்று பாயை முழுக்க ஏற்றினான். காற்றும் மணல்மேட்டைப் பார்த்தே அடித்தது. இன்னும் நாலு முழம்.

கடைசியில் நங்கூரத்தைத் தோளில் சுமந்துபோய் ஆழத்தில் போட்டுவிட்டு வந்து, கயிற்றைப் பிடித்து தம் கட்டி இழுத்தான். படகு அசையவில்லை, நங்கூரம்தான் புறப்பட்டு வந்தது. தண்ணீருக்குள் மல்லாக்க விழுந்தான். துறைமுகத்து நண்பனைக் கூப்பிடலாம் என்று பேன்ட் பையில் கை விட்டால், போனிலிருந்து தண்ணீர் சொட்டியது. தன் போனில் சார்ஜ் இல்லை என்றாள் ஜெனிலா. அத்தை போனே கொண்டுவரவில்லை.

ஓய்ந்துபோய் விளிம்பில் உட்கார்ந்தான். தன் வீட்டுக்கென்று வாங்கிவந்திருந்த மக்ரூன் பொட்டலத்தை ஜெனிலா பிரித்து நீட்டினாள். தின்றுகொண்டே பேசினார்கள். சாயர்புரத்தில் கணக்கு டீச்சராக இருப்பதைப் பற்றி அவள் சொன்னாள். முதல் பயணத்தில் ஒரு வாரம் வாந்தியெடுத்ததை அவன் சொன்னான். வெயில் சாய்ந்ததுகூடத் தெரியவில்லை.

"உண்மையச் சொல்லுதேன்," என்றான் கடைசியில். "பாய்ப்படகுல ஏறுறது எனக்கு இதான் மொதத் தடவ. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன்."

ஜெனிலா பொட்டலத்தை மடித்து வைத்தாள். பிறகு, பாயை இறுக்கிப் பிடித்து மூவரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

உட்கார்ந்தார்கள். படகு ஒருக்களித்தது, அடி மணலை விட்டுக் கிளம்பியது, அவள் சுக்கானைத் திருப்பியதும் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு ஆழத்துக்கு வந்தது. என்ன அதிர்ஷ்டம் என்று வழியெல்லாம் வியந்தபடி வந்தான் கிளைட்டன்.

கரையில் அவன் கையைப் பிடித்து இறங்கிய மரியசெல்வி, குடையை மடக்கிக்கொண்டே மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏளா, போன மாப்பிள்ளைய அதே மண்ணுல ஏத்தி அரை மணி நேரத்துல எறக்கிட்ட. இவர மட்டும் ஏன் மூணு மணி நேரம் வச்சிருந்த?"