நச்சுத் தோட்டத்தில் பூ இல்லை

செவ்வாய்க்கிழமை காலை காளியப்பன் வந்து பார்த்தபோது அரளிப் பாத்தி மொட்டையாக நின்றது. இலை இருந்தது, பூ ஒன்றுகூட இல்லை.

மலேசியாவில், குளுவாங்கில் ஊர் மக்கள் பார்ப்பதற்கென்று போட்ட நச்சுச்செடித் தோட்டம் அது. எது கண்ணைக் கெடுக்கும், எது புத்தியைக் கலக்கும் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவது அவன் வேலை. ஒப்பந்த வேலைதான். வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா புவான் சமீரா பார்வையிட வருகிறார். தோட்டம் பூத்துக் கிடந்தால் வேலை நிரந்தரம்.

உடனே செடிக்குச் செடி பெயர் எழுதி, 'விஷம், தொடாதீர்' என்று பலகை நட்டான். எருக்கு எங்கே இருக்கிறதென்று தெரியாதவர்களுக்கும் அது வழி காட்டிவிட்டது. புதன் காலை எருக்கும் காலி.

டீக்கடை முஜிபுர் ரஹ்மானிடம் போய்ப் புலம்பினான்.

"உங்க ஆளுங்க விஷத்துக்குப் பயப்பட மாட்டாங்கண்ணே," என்றார் அவர். "சாமி பேரைப் போடுங்க லா. யாரு கை வைக்கிறான்னு பாப்போம்."

நல்ல யோசனையாகப் பட்டது. தோட்டத்து வாசலிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தான்: 'இவை சிவனுக்கு உரியவை.'

வியாழன் விடியலில் பக்கத்து ஊர் பாலோவிலிருந்துகூட ஆள் வந்திருந்தது, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு. ஊமத்தம்பூவைப் பறித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஓடி, விஷம் என்றான்.

"மனுசனுக்குத்தானே விஷம்? சிவனுக்கு என்ன பண்ணும்? நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க. அந்தக் கிளையக் கொஞ்சம் வளைச்சுப் புடிங்க தம்பி."

சாமி காரியம். வளைத்துப் பிடித்தான்.

மிஞ்சியது மூலையில் நின்ற பொன்னரளி மட்டும். நல்லவேளை, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. சுற்றிலும் கம்பிவலை கட்டிப் பூட்டி, சாவியை வீட்டில் கொண்டுபோய் மாட்டினான். சாயங்காலம், நாளைய பொழுது நல்லபடியாகப் போகட்டும் என்று கும்பிடக் கோயிலுக்குப் போனான்.

வாசலில் பூக்கட்டும் நாச்சம்மை அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாக அவளிடம் யாரும் ஒரு முழம்கூட வாங்கவில்லையாம், எல்லாரும் ஓசிப் பூவாம். தன் பிழைப்பும்தான் போகிறது என்று காளியப்பன் சொன்னான். இதை யார் ஆரம்பித்துவைத்தது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றான்.

நாச்சம்மை நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க சம்சாரம் பேச்சியம்மாதாண்ணே. உங்க வேலை நிரந்தரமாகணும்னு தினம் நூத்தெட்டுப் பூ வேண்டுதல். நாளைக்குக் கடைசி நாளு, ஆயிரத்தெட்டு வைக்கணுமாம்."