பொன்னாடைகள் காணாமல் போனது பற்றி ஜெஞ்சாரோமில் இருக்கும் அக்காவுக்கு

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய சீதாலெட்சுமி அக்காவுக்கு, தம்பி வீரப்பெருமாள் வணங்கி எழுதுவது. இங்கே உஷாராணியும் லோகேஸ்வரியும் நானும் உடம்பளவில் சுகம். நீங்களும் அத்தானும் அங்கே அதேபோல் சுகமாக இருக்க எங்கள் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்பது எனக்கே தெரியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உஷாராணி காதில் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்த நிமிடமே நீங்கள் லோகாவுக்குத் தட்டிவிடுவீர்கள். ஆகவே தபால்.

விஷயம் இதுதான். என் மகள் லோகா செய்த காரியத்துக்கு நான் கோபப்பட வேண்டுமா, பெருமைப்பட வேண்டுமா? வியாழக்கிழமையிலிருந்து அவளோடு பேசாமல் இருக்கிறேன். எதற்காகப் பேசவில்லை என்று முடிவாகத் தெரிந்தால் கொஞ்சம் வசதியாக இருக்கும். உங்களைத் தவிர இதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

எங்கள் அறையில் இருக்கும் இரும்பு அலமாரி உங்களுக்குத் தெரியும். கோயில் செயலாளராக இருந்த இத்தனை வருஷத்தில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் எல்லாம் அதில்தான். யாரும் கட்ட முடியாது, விரிக்க முடியாது, போர்த்திக்கொண்டால் வேர்க்கும், ஆனாலும் மரியாதை மரியாதைதானே. நான் செயலாளரான அன்று அத்தான் தன் கையால் போர்த்திய மயில்நீலம்கூட அதில் இருந்தது, அன்றைக்கே பந்தியில் சாம்பார் கொட்டிக் கறைபட்டதே, அதேதான். போன மாதம் திறந்து பார்த்தால் அடுக்கு பாதிகூட இல்லை. உஷாராணியைக் கேட்டேன். "டோபிக்குப் போட்டிருக்கேங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பொன்னாடையை யார் டோபிக்குப் போடுவார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அதே சமயத்தில்தான் லோகா என்னைக் கோயில் மண்டபத்துக்கு வரச் சொன்னாள். போனால், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி சுற்றிய பலகைகள். என்ன இது என்றேன். "யூனிவர்சிட்டி அசைன்மென்ட்பா, சும்மா நடுவுல நின்னு ஏதாச்சும் பேசுங்க" என்றாள். சும்மா என்றால் நான் என்ன பேச? யாருமே இல்லாத மண்டபத்தில் எல்லா ஃபேனும் ஓடிக்கொண்டிருந்ததைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை ஷா ஆலமில் அவள் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி. மாணவர்களும் விரிவுரையாளர்களும் மேடையேறி ஆளுக்கொரு புது யோசனையைப் பொதுமக்களுக்குச் சொல்வார்களாம், லோகாவும் பேசுகிறாளாம், எதைப் பற்றி என்று மட்டும் சொல்ல மாட்டாளாம். மகள் பேசுகிறாள் என்றால் வெறுங்கையோடு போக முடியுமா? மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் புதுப் பொன்னாடை வாங்கினேன். மாணவிக்குப் போர்த்திவிட்டு அவள் குருவை விட்டால் முறையாகாதே என்று அவளுடைய பேராசிரியர் ஹைதருக்கும் ஒன்று வாங்கினேன். நான் செய்ததில் தவறு என்று பார்த்தால் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் இந்த இடத்தில் என்ன தவறு என்று நீங்களே சொல்லுங்கள்.

அக்கா, அது என்ன நிகழ்ச்சி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குத்துவிளக்கு இல்லை, கடவுள் வாழ்த்து இல்லை, மேடையில் ஒரு நாற்காலிகூட இல்லை, தலைவர் எங்கே உட்காருவார் என்று கேட்டால் தலைவரே இல்லையாம். தரையில் வட்டமாக ஒரு சிவப்புக் கம்பளம், பேசுகிறவர் அதைவிட்டு வெளியே வரக்கூடாதாம். வந்தவர்கள் யாரும் சபைக்கு வணக்கம் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே தாங்கள் எதில் எதில் தோற்றோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பையன் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னான், மூடினேன், திறந்தபோது வேறு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் பேராசிரியர் ஹைதர்.

மேடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கடிகாரம் அவருக்கு நேரம் முடியப்போகிறது என்று காட்டிக்கொண்டே இருந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நேரம் தாண்டினால் செயலாளர் எழுந்து, பேசுகிறவர் மூச்சு விடும் இடம் பார்த்துப் பொன்னாடையைப் போர்த்திவிட வேண்டும், அவரும் மனம் கோணாமல் இறங்கிவிடுவார். அங்கே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள ஒருத்தரும் இல்லை. அவர் ஆங்கிலத்தில், "நாம் எல்லாரும் மரியாதையாக வாங்கி, பிறகு தொடாமலே வைத்திருக்கும் பொருள் எது?" என்று கேட்டுவிட்டுத் தலை குனிந்து சும்மா நின்றார். நானும் எவ்வளவு நேரம் பொறுப்பது? எழுந்து போனேன். காதில் மைக் மாட்டிய கிஷன் என்கிற பையன் குறுக்கே வந்தான். "அங்கிள், அங்கிள், ரெக்கார்டிங் போகுது லா."

"தம்பி, நாங்க பாக்காத ரெக்கார்டிங்கா" என்று சொல்லி மேடையேறிப் போர்த்திவிட்டேன்.

மண்டபமே சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே பொன்னாடைதானாம். ஏற்பாடு செய்து வைத்த காட்சி என்றே எல்லாரும் நினைத்துக் கைதட்டினார்கள். பேராசிரியர் மட்டும், "தேங்க் யூ அங்கிள், மீதிய உங்க மகளே சொல்லுவாங்க" என்று மெதுவாகச் சொல்லி, பொன்னாடையோடு இறங்கினார். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. கிஷன் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டான்.

அப்புறம் லோகா வந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது என்று ஆரம்பித்தாள். டோபி ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது. எங்கள் கோயில் மண்டபத்தில் எதிரொலி அதிகம், யார் என்ன பேசினாலும் சுவரில் முட்டித் திரும்பி வந்து ஒன்றும் புரியாது என்றாள். அதற்குச் சாட்சியாகப் போன திருவிழாவில் நான் பேசியதைப் போட்டுக் காட்டினாள். குழாய்க்குள் இருந்து யாரோ முனகுவது மாதிரி இருந்தது, அது என் வரவேற்புரை. பிறகு, அந்தப் பலகைகளை வைத்த பின் என்று சொல்லி இன்னொன்றைப் போட்டாள். "யாரும் இல்லாத எடத்துல எதுக்கு இத்தன ஃபேனு? கரண்ட் பில்ல உங்க தாத்தாவா வந்து கட்டுவாரு?" மணி அடித்தமாதிரி என் குரல். ஷா ஆலமே கேட்டிருக்கும்.

அதோடு விடவில்லை. ஒரு பலகையைக் கொண்டுவரச் சொல்லி, கறுப்புத் துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே அடுக்கடுக்காக என் பொன்னாடைகள், அக்கா. வெட்டி, மடித்து, திணித்து. எதிரொலியை அந்தத் துணிதான் குடித்துவிடுகிறதாம். மேலே இருந்தது மயில்நீலம், சாம்பார்க் கறையோடு. எழுந்து கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "சின்ன வயசுலேர்ந்து எங்கப்பா அந்த மேடையில பேசுறாரு. நானும் முன்னாடிதான் உக்காந்திருப்பேன். அவரு என்ன பேசினாருன்னு ஒரு தடவகூட முழுசா கேட்டதில்ல. கேக்கணும்னு ஆச."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன், கத்துவதற்கா கைதட்டுவதற்கா என்று தெரியாமலே. கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

காரில் கிள்ளான் திரும்பும்போது லோகா, "அப்பா, கோவமா?" என்று கேட்டாள். "நான் ரோட்டப் பாத்து ஓட்டிட்டு இருக்கேன்" என்றேன். அழுகை வந்தது உண்மை. எதற்கு வந்தது என்பதுதான் சந்தேகம்.

இன்னும் மூன்று பக்கச் சுவர் பாக்கி இருப்பதால் அவள் அத்தானுடைய பொன்னாடைகளைக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வருவாள். தயவுசெய்து ஒன்றைக்கூடக் கொடுத்துவிட வேண்டாம். கட்டிலுக்கு அடியில் பூட்டி வையுங்கள். ஒரு குடும்பத்தின் மரியாதையைச் சுவரில் ஆணியடிக்க நாம் அனுமதிக்கக் கூடாது.

அத்தானின் முழங்காலுக்கு அம்மன் துணையிருக்கட்டும். உங்கள் கையால் கிடைக்கும் திருநீற்றுக்குக் காத்திருக்கும்,

அன்புத் தம்பி,
வீரப்பெருமாள்.

பி.கு.: தபாலில் போடப் போகும்போது லோகா வாசலில் நின்றிருந்தாள், பேசிவிட்டோம். அத்தானுடைய பொன்னாடைகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், நானே கார் கொண்டு வருகிறேன். என் அலமாரியில் மீதி இருந்ததையும் கொடுத்துவிட்டேன். மேடையில் போர்த்த முடியாமல் போன புதுசை அவளுக்கு வீட்டிலேயே போர்த்தினேன், அதையும் வெட்டப்போகிறாளாம். சுவர் முடிந்ததும் முதல் பேச்சு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள், முன்வரிசையில் உட்காருவாளாம். அக்கா, யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில்தான் நான் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசுவது என்று உடனே எழுதுங்கள்.