பத்து நாள் தூசி

கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்த தூசியைக் காணோம்.

நடராசன் குனிந்து பார்த்தான். மண்டி போட்டுப் பார்த்தான். கடைசியில் செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு குப்புறப் படுத்தே பார்த்துவிட்டான். ஏழு நாளாகத் துடைப்பம் படாமல் பொத்திப் பொத்தி வளர்த்த தூசி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுகூட ஒரு முறை எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டுதான் கதவைப் பூட்டினான். பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. டிவி இருந்தது, கேஸ் சிலிண்டர் இருந்தது, பீரோவுக்குள் மகளின் வெள்ளிக் கொலுசு இருந்தது. தூசி மட்டும் போய்விட்டது.

தூசி திருட்டுப் போய்விட்டது என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், பிடித்து உட்கார வைப்பது அவனைத்தான்.

ஆனால் அவன் குடும்பமே அந்தத் தூசியை நம்பித்தான் இருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் நடராசன் பொம்மை வார்ப்பவன். அச்சில் களிமண் கூழை ஊற்றி ஊற்றி, சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஏழு வயது மகள் இனியாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மாமனார் கோவிந்தசாமி வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒடம்பு பூரா மண்ணப் பூசிக்கிட்டு வூட்டுக்குள்ள வரீங்களே மாப்ள. புள்ளைக்கு எப்படி மூச்சு வரும்?"

அன்றைக்கே லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, நடராசனின் மனைவி பாரதியையும் இனியாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கூடவே சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையையும் ஏற்றினார். அவர் தோப்பு மரத்துப் பஞ்சு. அதை மண்ணுக்கு நடுவில் விட்டுப்போக அவருக்கு மனசு வரவில்லை.

ஐந்து மாதமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடராசன் இரண்டு தரம் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போவான். மாமனார் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார். அங்கேதான் உட்கார வேண்டும். இனியா பத்தடி தள்ளி நின்று பேசுவாள். அங்கேயும் அவளுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. "உள்ள போன மண்ணு இன்னும் வெளிய வரல" என்று மாமனார் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். பாரதி டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். "வூட்டுக்கு வரேங்க" என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. ராத்திரி ஓட்டில் பல்லி கத்தினால்கூட அவனுக்கு ஆள் வந்துவிட்டது போல இருக்கும்.

இந்த நேரத்தில்தான், குழந்தைகளுக்கு வரும் ஒவ்வாமையை ஆராய்ச்சி செய்யும் குழு ஒன்று ஊருக்கு வந்தது. அதில் சண்முகப்ரியா என்ற பெண் எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள்.

"நம்ம ஒடம்புக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கான் சார். சில புள்ளைங்களுக்கு அவன் வூட்டுக்கு வர்ற விருந்தாளியையும் திருடன்னு நெனச்சுக் கத்துவான். அதுதான் தும்மல், இழுப்பு எல்லாம்."

நடராசனுக்கு உடனே மாமனார் ஞாபகம் வந்தது.

இனியாவின் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்துக் குத்திப் பார்த்துவிட்டு, சண்முகப்ரியா ஊர்ப் பெயர் எழுதிய இரண்டு பைகளைக் கொடுத்தாள். "அப்பா வூட்டுக்கு ஒண்ணு, தாத்தா வூட்டுக்கு ஒண்ணு. பத்து நாள் கட்டிலுக்கடியில கூட்டாதீங்க. அப்புறம் கூட்டி எடுத்து இதுல போட்டுத் திங்கக்கெழம குடுங்க. எந்த வூட்டுத் தூசி புள்ளைக்கு ஆவலன்னு பாத்துடலாம்."

இன்று வெள்ளிக்கிழமை. திங்களுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வீட்டின் இன்னொரு சாவி பக்கத்து வீட்டு விருத்தாம்பாளிடம் இருந்தது. நடராசன் நேரே போய்க் கேட்டுவிட்டான்.

"அக்கா, எங்க வூட்டுத் தூசிய நீங்கதான் கூட்டுனீங்களா?"

"காலையில இருந்து ரேசன் கடையில கால் கடுக்க நின்னுட்டு இப்பதான் வரேன். ஒன் தூசிய எடுத்தாந்து நான் என்னா கொழம்பா வைக்கப் போறேன்?"

"இன்னொரு சாவி ஒங்ககிட்டதான இருக்குது..."

அவ்வளவுதான். விருத்தாம்பாள் சேலையைத் தூக்கிச் செருகினாள். "நான் கூட்டுனா எப்படி இருக்கும்னு பாக்குறியா?" என்று பினாயில் பாட்டிலோடு வந்தவள், அவன் தடுக்கத் தடுக்க வீட்டை மூலை முடுக்கு விடாமல் கழுவித் தள்ளிவிட்டாள். சன்னல் கம்பியில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று நடராசன் ஈரத்தரையில் உட்கார்ந்தான்.

பாரதிக்குப் போன் போட்டான்.

"கட்டிலுக்கடியில இருந்த தூசியக் காணோம் பாரதி."

பாரதி அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

"தூசிய யாருங்க எடுப்பா? ... சாப்டீங்களா? கோயிலுக்குப் போயிட்டு வந்தது ஒரே அசதியா இருக்குது. வச்சுடுறேன்."

வைத்துவிட்டாள். அவளுக்கு அங்கேயே இருப்பதுதான் சௌகரியம் போலிருக்கிறது என்று நினைத்தான். 

மறுநாள் கம்பெனியில், கூட வேலை செய்யும் கொளஞ்சியப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அட, தொலைஞ்சது நல்லதுக்குத்தான். ஒன் வூட்டுத் தூசியக் குடுத்தா அது பூரா மண்ணாதான் இருக்கும். அதோட முடிஞ்சுது ஒன் குடித்தனம். பேசாம ஒன் மாமனார் வூட்டுத் தூசியவே கூட்டியாந்து ஒன் பையில போடு. ரெண்டு பையிலயும் ஒரே தூசி. வித்தியாசம் இல்லன்னு எழுதிடுவாங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துடலாம்."

யோசிக்க யோசிக்க நடராசனுக்கு இது பெரிய மூளையாகத் தெரிந்தது. கொளஞ்சியப்பன் சொந்த மூளையால் இதுவரை எதையும் உருப்படியாகச் செய்ததில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாட்டைக் கட்டப் போன சமயம் பார்த்து, பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு எழுந்து, பூனை மாதிரி உள்ளே நுழைந்து, கட்டிலுக்கு அடியில் புகுந்தான். சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கைத்துடைப்பத்தால் தூசியைக் கூட்டிக் காகிதத்தில் தள்ளினான். பஞ்சும் தூசுமாக அள்ள அள்ள வந்தது. தும்மல் முட்டிக்கொண்டு வர, திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா!"

இனியா தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். மறுகணம் அவளும் ஊர்ந்து உள்ளே வந்துவிட்டாள்.

"என்னாப்பா பண்ற?"

"சத்தம் போடாதடா கண்ணு. கொஞ்சம் தூசி எடுக்குறேன்."

"நீயுமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என்ன சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மகளின் மூச்சு அவன் முகத்தில் பட்டது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பத்தடி தூரத்திலிருந்து அது அவனுக்குத் தெரிந்ததே இல்லை. அவள் தலையைத் தொடலாமா என்று கை போய்ப் போய்த் திரும்பியது. அவளே அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்படியே அந்தக் கட்டிலுக்கடியிலேயே குடியிருந்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

கட்டிலுக்கு வெளியே இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"மாப்ள?"

"இல்ல மாமா... சட்டைப் பொத்தான் ஒண்ணு உருண்டு போச்சு."

தவழ்ந்து வெளியே வந்தவனின் சட்டைப் பொத்தான்களைக் கோவிந்தசாமி மேலிருந்து கீழ்வரை எண்ணினார்.

"எல்லாப் பொத்தானும் இருக்குதே?"

"இது போன வாரச் சட்டையோட பொத்தான் மாமா."

அன்று சாயங்காலம் இனியாவுக்கு இழுப்பு அதிகமாயிற்று. "ஒங்க அப்பன் உள்ள வந்துட்டுப் போனதுதான்" என்று சொல்லி, நாற்காலியைக் கேட்டுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டார் மாமனார். அதற்கடுத்த ஞாயிறுகளில் நடராசன் தெருவில் உட்கார்ந்துதான் மகளைப் பார்த்தான்.

சொன்னபடி திங்கட்கிழமை இரண்டு பைகளும் சண்முகப்ரியாவிடம் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரம் கழித்து, விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு எல்லாரையும் வரச் சொன்னார்கள். சண்முகப்ரியா மேசைமேல் ரிப்போர்ட்டை விரித்தாள். ஒரு பக்கம் மாமனார், நடுவில் இனியாவைப் பிடித்தபடி பாரதி, அந்தக் கடைசியில் நடராசன்.

"இனியாவுக்கு ஆவாதது தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. விருத்தாசலம் பையில அது எக்கச்சக்கமா இருக்குது. ஸ்ரீமுஷ்ணம் பையில தேடுனாலும் ஒண்ணு இல்ல. அதனால புள்ள இப்ப இருக்குற எடத்துலயே இருக்கட்டும் சார்."

கோவிந்தசாமி தொடையைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன்ல? மெத்தைய நல்லா ஒதறிப் போட்டுப் புள்ளைய அதுலயே படுக்க வச்சுக்குறோம்மா."

"மெத்தையா? பழைய பஞ்சு மெத்தையிலதாங்க இந்தப் பூச்சி பெருகும். நடராசன் சார், ஒங்க வூட்டு மெத்தைய மொதல்ல தூக்கிப் போடுங்க."

நடராசன் வீட்டில் ஏது மெத்தை? ஐந்து மாதமாக அவன் பாயில் படுக்கிறான். மாமனார் வீட்டில் மெத்தை கிடக்கும் இடத்தின் தூசிதான் அந்தப் பையில் இருந்தது. அந்த மெத்தையில்தான் இனியா இன்று இரவும் படுப்பாள். பேசாமல் இருந்தால் மானம் தப்பும். ஆனால் புள்ளை மூச்சுக்குத் தவிக்கும். உண்மையைச் சொன்னால் மாமனார் இனி தெருவிலும் உட்கார விடமாட்டார். அவன் எழுந்து நின்றான்.

"மேடம், அது எங்க வூட்டுத் தூசி இல்லீங்க. எங்க வூட்டுல மெத்தையே கெடையாது. மாமா வூட்டுக் கட்டிலுக்கடியில நான்தான் திருட்டுத்தனமா கூட்டியாந்தேன். புள்ளைய அந்த மெத்தையில மட்டும் படுக்க வைக்காதீங்க."

"பொத்தான் தேடுனது இதுக்குத்தானா!" என்று கோவிந்தசாமி எழுந்துவிட்டார்.

சண்முகப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். "ஒரு நிமிஷம். இந்தப் பூச்சித் தூசி தாத்தா வூட்டுதுன்னா, ஸ்ரீமுஷ்ணம் பையில இருக்குறது எந்த வூட்டுது? அதுல பூச்சியே இல்ல, பஞ்சும் இல்ல. வெறும் வெள்ள மண்ணுதான் இருக்குது."

பாரதி தலையைக் குனிந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இனியாதான் வாயைத் திறந்தாள்.

"அது எங்க வூட்டுத் தூசிதான் அக்கா. கோயிலுக்குப் போறோம்னு தாத்தாகிட்ட பொய் சொல்லிட்டு, அப்பா வேலைக்குப் போயிருந்தப்ப அம்மாதான் தங்கிட்ட இருந்த பழைய சாவியப் போட்டுத் தொறந்து கூட்டியாந்துச்சு. தாத்தா வூட்டுப் பையில கெட்ட தூசியப் போட்டாதான் நம்மள அப்பாகிட்ட அனுப்புவாங்கன்னு சொல்லுச்சு."