கண் மூடிய படங்களும் காணாமல் போன சான்றிதழும்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் எங்களிடம் சொல்லிவிடப் போகிறீர்களா என்ன? ஆகவே நம்புவது ஒன்றே வழி. உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடக் கை துறுதுறுத்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். இது சமாதானம் பேச வந்த கடிதம் இல்லை, அலுவல் கடிதம். நானும் உங்கள் தங்கையும் கணவன் மனைவிதான் என்பதற்கு இந்த உலகத்தில் இப்போது ஒரே ஓர் அத்தாட்சிதான் மிச்சம். அது நீங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் முழுகாமல் இருப்பது ஊர்வாய் வழியாக உங்கள் காதுக்கு வந்திருக்கும். பிரசவ நேரத்துக்கு நாங்கள் இருவரும் அவள் இருக்கும் நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். விசா கேட்டால், கல்யாணச் சான்றிதழைக் கொண்டு வா என்கிறார்கள். பிள்ளையைப் பெற்று, வளர்த்து, அதற்கும் ஒரு கல்யாணத்தைப் பண்ணி, அதுவும் பிள்ளை பெறப் போகிற நேரத்தில் ஒருவர் வந்து 'உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? என் தலையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று கேட்கத் தோன்றியது. சரி, காகிதம்தானே, காட்டிவிட்டுப் போவோம் என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். "பத்திரமா இருக்கு" என்றாள். அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எங்கள் வீட்டில் அலட்சியமாக மூலையில் எறிந்த சாமான் எத்தனை வருடமானாலும் அதே மூலையில் கிடக்கும். பத்திரமாக வைத்தது போனால் போனதுதான். கல்யாணமான புதிதில் நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். காகிதங்கள் என் பொறுப்பு, ஞாபகப் பொருட்கள் அவள் பொறுப்பு. இந்தச் சான்றிதழ் காகிதமா, ஞாபகப் பொருளா என்பதில்தான் எல்லைத் தகராறு. "கையெழுத்துப் போட்டு முடிச்சதும் உங்க கையிலதான குடுத்தாங்க?" என்கிறாள் அவள். "வீட்டுக்கு வந்ததும் அதை வாங்கிப் புடவைக்குள்ள மடிச்சது யாரு?" என்கிறேன் நான். இப்படியே ஒரு காலைப்பொழுது போனது.

பிறகு பரணில் இருக்கும் தகரப்பெட்டியை இறக்கினோம். இறக்கினோம் என்றால், நான் ஏணியில் நின்று இழுத்தேன், அவள் கீழே நின்று என்னைத் திட்டினாள், பெட்டி தானாக இறங்கியது. நல்ல வேளையாக என் கால் அதற்கு அரையடி தள்ளி இருந்தது. சாவி எங்கே என்றால், அதுவும் பத்திரமாக இருக்கிறதாம். பூட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைத்தோம். திறந்தால், மச்சான், ஒரு வாசனை வந்தது பாருங்கள், பழைய பட்டும் பாச்சை உருண்டையும் பன்னீருமாகக் கலந்து, மூடி வைத்திருந்த அந்த நாளே எழுந்து வந்து முகத்தில் அறைந்த மாதிரி. அவள் கல்யாணப் புடவை, நாராகிப் போன மாலை இரண்டு, மிஞ்சிய வரவேற்பு அழைப்பிதழ்க் கட்டு, இன்று வரை பிரிக்காத ஒரு பரிசுப் பொட்டலம். அந்தப் பொட்டலத்துக்குள் சுவர்க்கடிகாரம் இருக்கிறது என்று தெரிந்துதான் பிரிக்கவில்லை. வந்ததெல்லாமே சுவர்க்கடிகாரமாக இருந்தால் மனிதன் எத்தனை முறைதான் நேரம் பார்ப்பான்? அடியில் என் கல்யாணக் கோட்டு. யார் பேச்சையும் கேட்காமல் அதைப் போட்டுப் பார்த்தேன். போனது. ஆனால் வரவில்லை. இரண்டு கையும் பாதி தூக்கிய நிலையில் முழங்கைக்கு மேலே இறுகி, சரணடைந்த திருடன் மாதிரி கூடத்தில் நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து எரிவாயு உருளை கொண்டுவந்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், உங்கள் தங்கையைப் பார்த்தார், உருளையை வாசலிலேயே வைத்துவிட்டு, "நான் அப்புறமா வரேங்க" என்று போய்விட்டார். உங்கள் தங்கை சிரித்தாள். அவள் சிரிப்பு உங்களுக்குத் தெரியாததா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. கோட்டைக் கத்தரித்துத்தான் கழற்றினோம். கத்தரிக்கும்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

சான்றிதழ் மட்டும் இல்லை. இதைக் கேள்விப்பட்டு மேல்வீட்டுத் தலைமையாசிரியர் இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மாணவர்கள் இல்லாத குறையை நாங்கள்தான் தீர்த்து வைக்கிறோம். அவர் வீட்டிலும் ஒருமுறை இப்படித் தொலைந்ததாம். பதிவு அலுவலகத்துக்குப் போனால் பழைய சாட்சியை நேரில் கூட்டி வரச் சொன்னார்களாம். சாட்சியாக வந்த சகலைக்கு மூன்று வேளை சமைத்துப் போட்டு, ஊர் சுற்றிக் காட்டி அனுப்ப வேண்டியதாயிற்றாம். அதை அவர் சலித்துக்கொண்டு சொல்ல, உங்கள் தங்கை கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டாள். அதற்கு மேல் தேடுவதில் அவளுக்கு ஊக்கமே இல்லை. "அது கிடைக்காது. போய் அலுவலகத்துல கேட்டுட்டு வாங்க" என்று என்னைத் துரத்திவிட்டாள்.

போனேன். எங்கள் கல்யாணத்தைப் பதிந்த அதே அலுவலகம்தான், மச்சான். சுவருக்கு மட்டும் வேறு சாயம். பழைய பதிவேட்டில் எங்கள் பக்கம் மழைநீர் ஊறிப் பக்கத்துப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டதாம். பிரித்தால் கிழிந்துவிடும் என்றார் எழுத்தர். இத்தனை வருடத்தில் எங்களை விட ஒட்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு ஜோடி அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "சாட்சி ரெண்டு பேர்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரு சாட்சி என் நண்பன் குட்டையன். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனை அழைத்துவர வேண்டுமானால் நான்தான் அங்கே போக வேண்டும், அதில் எனக்கு இப்போதைக்கு விருப்பமில்லை. "இன்னொருத்தர் இருக்கார். ஆனா எங்களோட பேச்சுவார்த்தை இல்ல" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாக்குமூலம் எழுத்துலதான் சார். அவர் பேச வேண்டாம், வந்தாப் போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் தங்கை வாளியில் துணியை அலசிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "அப்ப அண்ணனுக்கு எழுதுங்க. நான் சொன்னேன்னு எழுதாதீங்க" என்றாள். ஆகவே அவள் சொன்னதால் நான் எழுதவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

அந்த அலுவலகத்தின் பெஞ்சியைப் பார்த்ததும் அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. தூறலில் நனைந்தபடி நாம் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கைக்குட்டையால் அவள் தலையைத் துடைத்துவிட்டீர்கள். என் தலையைத் துடைக்க ஆளில்லை, அது வேறு விஷயம். அதிகாரி அவளைப் பார்த்து, "உங்க முழுச் சம்மதத்தோடதான?" என்று கேட்க, அவள் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்து, "சம்மதம் சார்" என்றீர்கள். "இவரை நீங்களா கட்டிக்கப் போறீங்க?" என்றார் அதிகாரி. அவள் சிரித்த சிரிப்பில் கையெழுத்து கோணிப் போய்விட்டது. பெட்டியில் கிடந்த படங்களில் அந்தப் படமும் இருந்தது. நான் அசட்டுப் புன்னகையோடு நிற்கிறேன், நீங்கள் பேனாவை உதறுகிறீர்கள், நடுவில் அவள் கண்ணை மூடிச் சிரிக்கிறாள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். அலுவல் கடிதம் என்று ஆரம்பித்தேன், கொஞ்சம் தடம் புரளுகிறது, மன்னிக்கவும். மகள் கல்யாண ஆல்பம் வந்த அன்று நீங்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை புரட்டினீர்கள். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை புரட்டினீர்கள். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைச் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனீர்கள். போனவர் போனவர்தான். பந்தலுக்கு ஆள் பிடித்ததிலிருந்து கடைசிப் பாத்திரம் கழுவி ஏற்றியது வரை நின்ற தாய்மாமன் ஆல்பத்தில் ஓர் ஓரத்தில்கூட இல்லை. ஒரு படத்தில் மட்டும் கைக்கடிகாரம் கட்டிய கை ஒன்று தட்டை நீட்டுகிறது. அது உங்கள் கை. ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? உங்கள் அத்தை வழியாக விஷயம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது உங்கள் தங்கைக்கும் வீம்பு வந்துவிட்டது. "படம் பெரிசா நான் பெரிசா? எங்கிட்ட வந்து கேக்கட்டுமே" என்றாள். நீங்கள் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் அழுத்தத்தில் ஒரே அச்சு. நடுவில் நான், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பெட்டியில் அந்தக் கோட்டுக்கும் கீழே ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. மகள் கல்யாணத்துப் புகைப்படக்காரர் எடுத்ததையெல்லாம் சின்னதாக அச்சடித்துக் கொடுத்து, ஆல்பத்துக்கு வேண்டியதைப் பொறுக்கச் சொல்லியிருந்தார் அல்லவா? பொறுக்கியது உங்கள் தங்கை. அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தன் கண் மூடியிருந்தால் அந்தப் படம் கூடாது. "சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா தூங்குறான்னு நெனைப்பாங்க" என்றாள். அப்படிக் கழித்த படங்கள்தான் அந்தத் தகரத்தில். சான்றிதழ் இருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். ஏதோ காதில் சொல்கிறீர்கள், யாரையோ கையால் காட்டுகிறீர்கள், ஒன்றில் சமையற்காரர் மாதிரி வயிற்றைத் தள்ளி நடந்து காட்டுகிறீர்கள். அவள் குலுங்குகிறாள். ஆல்பத்தில் பார்த்தால் மண்டபம் முழுக்க அத்தனை பேரோடு நின்றிருக்கிறாள், மாப்பிள்ளையோடு, சம்பந்தியோடு, என்னோடு. எல்லாவற்றிலும் கண்ணை அகல விரித்துக்கொண்டு லட்சணமாக நிற்கிறாள். நீங்கள் பக்கத்தில் வந்தபோதெல்லாம்தான் அவளால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. அவள் உங்களைக் கழிக்கவில்லை, மச்சான். தன்னைத்தான் கழித்தாள். கூடவே நீங்களும் போய்விட்டீர்கள். கைக்கடிகாரம் கட்டிய கை மட்டும் எப்படித் தப்பியது என்றால், அதில் அவளே இல்லை.

அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். "எனக்கு இது தோணவே இல்லையே" என்றாள். அவ்வளவுதான். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.

ஆகவே மச்சான், உங்கள் கௌரவத்துக்கு எந்தக் குறையும் வராது. நீங்கள் எங்களைப் பார்க்க வர வேண்டாம். அலுவலகத்துக்கு வாருங்கள். எழுத்தர் முன்னால் உட்கார்ந்து, இவர்கள் இருவருக்கும் என் கண்ணெதிரில் கல்யாணம் நடந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வாய் திறக்காமல் திரும்பிப் போகலாம். வழியில் எங்கள் வீடு இருக்கிறது என்பது தற்செயல். முன்னறைக் கட்டிலுக்கு உங்கள் தங்கை புதுத் தலையணை உறை வாங்கிப் போட்டிருப்பதும் தற்செயல்தான். நீங்கள் வராவிட்டால் எங்களுக்கு விசா இல்லை, பேரப்பிள்ளையை முதலில் பார்க்கும் பாக்கியம் சம்பந்தியம்மாளுக்குப் போய்விடும். அதன் பிறகு நான் இந்த வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலிக்கு உங்கள் தங்கை ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், அதையும் நான் சொன்னதாக இருக்க வேண்டாம். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், நல்ல கண்பார்வையோடும், கொஞ்சம் குறைந்த ரோஷத்தோடும் வாழ வேண்டுமென்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டு இல்லாத உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே, "அம்மா போன வாரம் கல்யாணச் சான்றிதழ் காப்பி எடுத்தாங்களே, விசாவுக்கு அது போதுமா சார், இன்னும் வேணுமா?" என்று கேட்டார். போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் தொடக்கூடாத ஒரே இடமான தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். சான்றிதழ் இருக்கிறது. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. காப்பிகள் இருக்கின்றன. அதற்கு மேல் அந்த பிஸ்கட் தகரத்துப் படங்களில் ஒன்று, நீங்கள் வயிற்றைத் தள்ளி நடக்கிற படம்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். சாட்சி தேவையில்லை, கையெழுத்து தேவையில்லை, நீங்கள் வர வேண்டிய காரணம் ஒன்றுகூட இல்லை. அதனால் கட்டாயம் வாருங்கள். சான்றிதழைப் பார்த்ததை உங்கள் தங்கையிடம் நான் சொல்லவில்லை, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீங்கள் வரும் வரை நானும் அவளும் சேர்ந்து தேடிக்கொண்டிருப்போம்.