போர்டு சாரின் ஏழரை ஆண்டுத் திட்டம்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பெயிண்ட் கடைக்காரர் மாடி கட்டியிருந்தால், அந்த மாடி போர்டு சாரால் வந்தது என்று கோர்ட்டில் ஏறிச் சத்தியம் செய்ய நான் தயார். ஒரே கட்டடத்துக்கு அவர் வைத்த பெயர்களை, பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துக்கூட எந்தத் தகப்பனும் வைத்திருக்க மாட்டார்.

கட்டடம் மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில், மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. ஓடு போட்ட நீளமான ஹால், பின்னால் சமையல்கட்டு, முன்னால் ஒரு அடிபம்பு. சுற்றுவட்டாரத்து ஏழைப் பெண்பிள்ளைகள் அங்கே தங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள். அதாவது, அது ஒரு ஹாஸ்டல். இந்த ஒரு உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தக் கட்டடத்து வாசல் போர்டு சொல்லியிருக்கிறது.

போர்டு சார் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கிய மீசை, தொளதொள காக்கி டவுசர், ஊருக்கே கேட்கிற குரல். பெரிய அதிகாரி வருவதற்கு முன்னால் அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்பது என்பதுதான் பட்டாளத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே போர்த்தந்திரம். நான் ஆங்கில டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் பெயரைக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்மா டைப்பு" என்பார்.

ஹாஸ்டல் எப்படித் தொடங்கியது என்று ஒருமுறை கேட்டேன். சேவை, கருணை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தூக்கம்மா டைப்பு, தூக்கம்! விடியுறதுக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ் பஸ்சு எங்க வீட்டு வாசல்ல வந்து ஆரனடிப்பான். ரிட்டேர்டு ஆகியும் தூங்க முடியல. ஒருநா டிரைவர வையணும்னு பஸ்சுக்குள்ள ஏறிட்டேன். உள்ள பாத்தா பூராம் பச்சப்பிள்ளைக. கையில தூக்குவாளிய வச்சிக்கிட்டு உக்காந்த வாக்குலயே தூங்குதுக. நான் எந்திரிச்சு நிக்கேன், அதுக தூங்கிக்கிட்டே வேலைக்குப் போகுதுக. இது என்ன நியாயம்?"

டிரைவரை வையாமல் இறங்கி வந்து, பட்டாளத்துப் பணத்தில் ஓட்டுக் கட்டடத்தை வாங்கி, வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டார். பணம் கரைந்த சமயத்தில், கடல் தாண்டியிருந்த ஒரு தர்ம நிறுவனம் கைகொடுத்தது. அதோடு பிடித்தது போர்டு வியாதி.

அந்த நிறுவனத்துக்கு ஏழைப் பிள்ளைகள் மீது பாசம் அதிகம். ஆனால் ஒரே காரணத்துக்காக இரண்டு வருடம் பாசம் வைப்பது அவர்கள் கொள்கைக்கு விரோதம். வருடா வருடம் அங்கே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் என்ன குறை என்று முடிவு செய்வார்கள். அதற்குப் பெயர் முன்னுரிமை. அது கடிதமாக மதுரையில் இருக்கும் மண்டல அலுவலருக்கு வரும். அவர் ஜோல்னாப் பையோடு எங்களிடம் வருவார். நாங்கள் அவரை மண்டலம் என்போம். அவர் போன மறுநாள் போர்டு சார் பெயிண்ட் கடைக்குப் போவார்.

நான் சேர்ந்த வருடம் முன்னுரிமை சத்துணவு. 'சத்துணவு மேம்பாட்டு மையம்' என்று போர்டு. அடுத்த வருடம் குடும்பநலம். பச்சை எழுத்தில் 'குடும்பநல வழிகாட்டி நிலையம்' என்று எழுதினார். எழுதிய வாரமே சேத்தூரிலிருந்து ஒருவர் மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் வாளி கொடுத்த காலம் அது.

"ஆப்பரேசன் எங்க சார்? பிளாஸ்டிக் வாளி இன்னைக்கே குடுத்திருவியளா?"

"ஏலே, இது பொம்பளப்பிள்ளைக ஹாஸ்டலுலே!"

"பொறவு எதுக்குப் போர்டுல அப்பிடி எழுதியிருக்கு?"

"போர்டு உனக்கில்லலே. வெள்ளக்காரனுக்கு!"

வந்தவர் விடவில்லை. போக வர பஸ் சார்ஜ் ஆகியிருக்கிறது என்று சமையல்கட்டிலிருந்து ஒரு வாளியை எடுத்துக்கொண்டுதான் போனார். பரிமாற வாளி இல்லாமல் அன்று சாம்பாரை அண்டாவிலிருந்தே மொண்டு ஊற்றினோம்.

மூன்றாவது வருடம் ஊனமுற்ற குழந்தைகள். இதற்கும் போர்டை மட்டும் மாற்றிச் சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். "நல்லா நடக்கிற பிள்ளைய நொண்டச் சொன்னா என் நாக்கு அழுகிரும்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்படித்தான் முத்துமாரி வந்தாள். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிய பிள்ளை. பத்து வயது தாண்டியும் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. கல்யாணம் காட்சி என்றால் அவளை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற வீடு. போர்டு சார் அவளை மதுரைக்குக் கூட்டிப்போய், காலிப்பர் என்கிற, இரும்புப் பட்டை வைத்த பூட்சை மாட்டி நடக்கவைத்தார். பிள்ளைகள் அதை இரும்புச் செருப்பு என்றார்கள். முதல் நாள் அவள் ஹாலை மூன்று சுற்று சுற்றினாள். போர்டு சார் பின்னாலேயே போய் "ஏட்டி மெதுவா, ஏட்டி மெதுவா" என்று கத்தியதில் அடுத்த பஸ் ஸ்டாப் வரை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் மண்டலம் வந்து, "சார், ஊனம் போன வருஷத்தோட முடிஞ்சிடுச்சு. இந்த வருஷம் வனம்" என்றார்.

"முடிஞ்சிருச்சா? அவ காலு சரியாயிருச்சின்னு அவியளுக்கு யாரு சொன்னா?"

மண்டலத்துக்குக் கோபமே வராது. அவர் உள்ளூர் மக்களின் தேவையை உள்ளூர் மக்களிடமே கேட்டறிபவர். அதற்கு ஒரு கூட்டம் போடுவார். கூட்டம் வியாழக்கிழமை நடக்கும். மக்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் செவ்வாய்க்கிழமையே எனக்கு டைப் அடிக்கக் கொடுத்துவிடுவார். அந்த வியாழக்கிழமையும் தாய்மார்கள் வந்து டீயும் வடையும் முடித்து உட்கார்ந்தார்கள். மண்டலம் சார்ட் பேப்பரை விரித்தார்.

"உங்க பிள்ளைகளுக்கு என்ன தேவைன்னு நீங்களே சொல்லுங்கம்மா. நாங்க எதையும் திணிக்க மாட்டோம்."

மம்சாபுரத்துத் தாய் ஒருத்தி எழுந்தாள். "எம்மவ அந்தத் தீப்பெட்டி பஸ்சுல ஏறக்கூடாதுய்யா. அம்புட்டுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

மண்டலம் ஸ்கெட்ச் பேனாவைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நல்ல கருத்து. ஆனா இதை எந்தத் தலைப்புல எழுதறது?"

"மரம்னு எழுதுங்க சார்," என்றார் போர்டு சார். "தீக்குச்சிய மரத்துலதான செய்யுதாவ!"

மண்டலம் மகிழ்ச்சியோடு மரம் என்று எழுதிக்கொண்டார்.

முத்துமாரிக்கு அதற்குள் பழைய பூட்ஸ் கடிக்க ஆரம்பித்திருந்தது. வளரும் பிள்ளை. புதிது செய்ய வேண்டும். போர்டு சார் யோசித்து, எனக்கு ஒரு வரி சொன்னார். நானும் டைப் அடித்தேன்: 'வனப் பாதுகாப்பு நடைப்பயண உபகரணம் ஒன்று.' மறுபேச்சில்லாமல் அனுமதி வந்தது.

வினை அதோடு போகவில்லை. நடைப்பயண உபகரணம் என்ற சொல் கடல் தாண்டி யாரையோ உருக்கிவிட்டது. அந்த நிறுவனத்தின் பெரிய அம்மாள் ஒருவர், வனம் காக்கும் சிறுமிகளை நேரில் பார்க்க வருவதாகத் தகவல். போர்டு சார் அடிபம்புக்குக்கூடப் பெயிண்ட் அடித்தார். வேனில் பிள்ளைகளை ஏற்றி, காட்டை ஒட்டிய பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு மரக்கன்றைக் கையில் கொடுத்து நிறுத்தினோம்.

தொப்பி போட்ட அந்த வெள்ளைக்கார அம்மாள் நல்ல மனுஷி. வெயிலில் முகம் சிவந்து போனாலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கை குலுக்கினார். பாறை மேல் உட்கார்ந்திருந்த முத்துமாரியிடம் வந்து, "காட்டுக்காக நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

முத்துமாரி பொய் சொல்லிப் பழகாதவள். "நான் காட்டுக்கு வந்ததே இன்னைக்குத்தான்க்கா. எனக்குச் செருப்பு வேணும்னுதான் சார் என்னையக் காட்டுல சேத்திருக்காவ."

மண்டலம் அணையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்கு ஆங்கிலமே மறந்துவிட்டது. போர்டு சார்தான் சொன்னார்: "உள்ளபடி சொல்லும்மா டைப்பு. பிள்ளை சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். அம்மாள் முகம் மாறுவதைப் பார்த்ததும் போர்டு சார் அட்டென்ஷனில் நின்று தன் பட்டாளத்து ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டார். "மேடம்! லாஸ்ட் இயர் லெக். திஸ் இயர் ட்ரீ. சேம் கேர்ள், மேடம்! லெக் நாட் பினிஷிங் இன் ஒன் இயர்!"

அம்மாள் தொப்பியைக் கழற்றிவிட்டு முத்துமாரி பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார். அவளை நெருக்கி அணைத்துக்கொண்டார். அழுதார். படம் எடுத்துக்கொண்டார். நாங்களும் அழுதோம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று போர்டு சார் திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கித் தந்தார்.

சில மாதங்களில் பதில் வந்தது. அந்தச் சந்திப்பு தங்களை ஆழமாகப் பாதித்துவிட்டதாம். ஆகவே இனி ஹாஸ்டல்களுக்கு உதவுவதில்லை என்றும், இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிக் கருத்தரங்குகள் மட்டும் நடத்துவது என்றும் முடிவெடுத்துவிட்டார்களாம். கூடவே பளபளவென்று ஒரு ஆண்டு மலர். அட்டையில் முத்துமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கள் ஹாஸ்டல் இல்லை.

விலக்கில் தீப்பெட்டி பஸ் அன்றாடம் நின்று போய்க்கொண்டுதான் இருந்தது. அரிசி தீர்ந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போர்டு சார் ராஜபாளையம் கடைவீதியில் கடை கடையாக ஏறினார். உள்ளூர் தர்மவான்கள் வெள்ளைக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. அது அவரவர் தகப்பனார் இறந்த நாள். அமாவாசை என்றால் நாலு வீட்டுச் சாப்பாடு வந்து நிற்கும். மறுநாள் பிள்ளைகள் கஞ்சி குடிக்கும். ஒரு பருத்தி மண்டிக்காரரிடம் போர்டு சார் நேராகவே கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, உங்க அப்பா ஒரு செவ்வாக்கெழமையில தவறியிருந்தா பிள்ளைகளுக்கு எம்புட்டு வசதியா இருந்திருக்கும்!"

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்து, "எங்கப்பாவுக்கு நாள் கிழமையெல்லாம் தெரியாது. செவ்வாக்கெழமைய நீரு எடுத்துக்கிடும்" என்று வாரா வாரம் அரிசி அனுப்பினார். அதே கேள்வியைக் கேட்டுப் போர்டு சார் மற்ற கிழமைகளையும் பிடித்தார். இரண்டு கடைகளில் அடி வாங்கப் பார்த்தார் என்பது தனிக்கதை.

சோறு கிடைத்தது. இரும்புச் செருப்புக்குத்தான் ஆள் இல்லை. இரும்பைத் தானம் கொடுத்தால் சனி பிடிக்கும் என்று ஆளாளுக்குப் பயந்தார்கள். இந்த நேரத்தில்தான் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு முதலாளிக்கு ஏழரைச் சனி தொடங்கியிருக்கிறது என்று போர்டு சார் டீக்கடையில் கேள்விப்பட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் ஜெபம் செய்கிற மனிதர், அன்றைக்கே முதலாளி வீட்டில் போய் நின்றார். நானும் முத்துமாரியும் கூடப் போனோம்.

"முதலாளி, உங்களுக்கு ஏழரையாமே?"

"ஆமாய்யா. தறியெல்லாம் ரிப்பேரு. நீரு வேதக்காரரு, உமக்கு இதுல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. சந்தேகம் கேக்கத்தான் வந்தேன். சனிக்கு இரும்புதான தானம்?"

"ஆமா."

"அவருக்கு ஒரு காலு ஊனம்தான?"

"அப்பிடித்தான் சொல்லுதாவ."

"அப்பம் ஊனக் காலுக்கு இரும்பு. இதைவிடப் பொருத்தமா ஒரு பரிகாரம் இருக்குமா முதலாளி?"

முதலாளி ஜோசியருக்குப் போன் போட்டார். ஜோசியர் உத்தமமான பரிகாரம் என்றார். தனக்கு இது தோன்றவில்லையே என்ற வருத்தம் அந்தக் குரலில் இருந்ததாக முதலாளியே சொன்னார்.

"எம்புட்டு நாளைக்குய்யா குடுக்கணும்?"

"சனி எம்புட்டு நாளைக்கு முதலாளி இருப்பாரு?"

எங்கள் ஹாஸ்டல் சரித்திரத்திலேயே நீண்ட காலத் திட்டம் அதுதான். ஏழரை வருடம். சார்ட் பேப்பர் இல்லை, கருத்தரங்கு இல்லை, போர்டு மாற்றவேண்டியதும் இல்லை. முதல் தடவை ஒரு சனிக்கிழமை பூட்சோடு வந்த முதலாளி காரைவிட்டு இறங்கவில்லை. சனிப்பார்வை பட்டுவிடும் என்று கண்ணாடியைக்கூட ஏற்றிவிட்டுக்கொண்டார். அடுத்த தடவை இறங்கி நின்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "வாரு இறுக்கமா இருக்கு பாரும், பிள்ளைக்கு வலிக்கும்லா" என்று போர்டு சாரையே அதட்ட ஆரம்பித்தார். முத்துமாரி பத்தாவது எழுதினாள், பன்னிரண்டாவது எழுதினாள், டீச்சர் டிரெயினிங் சேர்ந்தாள். அவள் மார்க்கை அவர் தறிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி.

ஏழரை முடிந்த பிறகும் ஒரு சனிக்கிழமை கார் வந்து நின்றது. போர்டு சாருக்கு வாய் சும்மா இருக்காதே. "முதலாளி, சனி போயிட்டாராமே?"

"போனாப் போறாரு. பிள்ளைக்குப் பூட்ஸ் தேஞ்சு போச்சுல்லா" என்றார் முதலாளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்த வருடம்தான் எனக்குத் திருநெல்வேலியில் சர்க்கார் வேலை கிடைத்தது. சொன்னதும் போர்டு சார், "நல்லதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, காரணமே இல்லாமல் சமையல்காரரை வைதுகொண்டு உள்ளே போய்விட்டார். கிளம்பும் நாள் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். நேரே டிரைவரிடம் போய், "ஏலே, மெதுவா ஓட்டு. உள்ள ஆள் இருக்கு" என்றார். பஸ் நிறைய ஆள்தான் இருந்தது. டிரைவர் விழித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். அதன் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் சம்பளம் வாங்கிவிட்டேன். வேலை பார்த்தது அவர் ஒருத்தரிடம் மட்டும்தான்.